ஸ்பானிஷ் கற்கப் போன இடத்தில்

வணிகப் பட்டத்தோடு ஒரு மொழியும் கைவரும் என்று நம்பிக் கடல் கடக்கிறார்கள் இந்திய மாணவர்கள். பட்டம் வந்துவிடுகிறது. மொழி?

ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. ஸ்பானிஷில் அதன் உடன்பிறப்பு போலத் தோன்றும் 'பிய்யோன்' என்ற சொல்லுக்கு 1 லட்சம் கோடி என்று பொருள். வித்தியாசம் ஆயிரம் மடங்கு. 100 கோடியைச் சொல்ல மாட்ரிட் பத்திரிகைகள் 'ஆயிரம் மில்லியன்' என்று எழுதுகின்றன. புள்ளியும் காற்புள்ளியும்கூட அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பெயினிலோ அர்ஜெண்டினாவிலோ ஒரு விலைப்பட்டியலில் 1.250 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிக்க வேண்டும். மெக்ஸிகோவில் அதே எண் ஒன்றேகால்.

இவையெல்லாம் அகராதியிலும் பாடப்புத்தகத்திலும் இருக்கும் சங்கதிகள்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வேகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அகராதியைப் புரட்ட முடியாது. லட்சம், கோடி என்று எண்ணி வளர்ந்து, பிறகு மில்லியனுக்கு மாறும்போது ஒருமுறை தடுமாறிய இந்தியர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாததல்ல. புதிதாக வந்திருப்பது, இப்படித் தடுமாறினால் கைப்பணம் போகும் என்ற நிலைமை.

ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. (பிரேசில் இந்தக் கணக்கில் சேராது. அங்கே போர்த்துகீசியம். ஸ்பானிஷ் படித்துவிட்டு சாவோ பாலோவில் வேலை தேடுபவர்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.) அந்த நாடுகளில் இந்திய வியாபாரம் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. கொலம்பியாவின் தெருக்களில் பஜாஜ், டி.வி.எஸ்., ஹீரோ மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஹீரோ நிறுவனம் 2015இல் காலி நகருக்கு அருகே தொழிற்சாலையே திறந்தது. பெருவின் லிமாவில் 'மோத்தோடாக்ஸி' என்ற பெயரில் பயணிகளை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர வண்டிகளில் பலவும் பஜாஜ் தயாரிப்பு. டாடா கன்சல்டன்சி 2002இலேயே உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடியோவில் அலுவலகம் போட்டுவிட்டது. 2024 ஜனவரியில் இந்திய அரசு நிறுவனமான 'காபில்' அர்ஜெண்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் 5 நிலப்பகுதிகளில் லித்தியம் தேட ஒப்பந்தம் செய்தது. மொத்தப் பரப்பு 15,703 ஹெக்டேர்.

எதிர்த்திசையிலும் வண்டி ஓடுகிறது. ஜாரா கடைகள் 2010இல் டாடாவின் கைகோர்த்து டெல்லிக்கு வந்தன. சென்னைக்காரர்களுக்குப் பழகிய பாரிவேர் இப்போது பார்சிலோனாவின் ரோக்கா நிறுவனத்துக்குச் சொந்தம். 2021இல் ஒப்பந்தமான 56 சி-295 ராணுவ விமானங்களில் 16 செவில் நகரிலிருந்து வருபவை. மீதி 40 இந்தியாவிலேயே தயாராக வேண்டும். அதற்கான வடோதரா தொழிற்சாலையை 2024 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். ஒரு விமானத்துக்கான ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைப் பற்றி இரு ஊர்களின் பொறியாளர்களும் வருடக்கணக்கில் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

யார் பேசுவது? இங்கேதான் இந்தியாவில் ஒரு பழைய பிளவு தலைகாட்டுகிறது. ஒரு பக்கம் மொழிக்காரர்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் இலக்கியம் வரை படித்தவர்கள். கார்சியா மார்க்கேஸை மூலத்தில் படித்திருப்பார்கள். லாப நஷ்டக் கணக்கைக் கண்டால் மிரள்வார்கள். இன்னொரு பக்கம் பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்தவர்கள். எக்செல் அத்துப்படி. ஆனால் 'ஓலா'வுக்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாது. நிறுவனங்கள் முதல் வகையினரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்திக்கொள்கின்றன. இரண்டாம் வகையினரை அவர்களுக்கு மேலதிகாரியாக வைக்கின்றன. கூட்டத்தில் முக்கியமான விஷயம் எதுவோ அது இந்த இருவருக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது.

இந்தப் பிளவை ஒரே ஆளிடம் ஒட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் வெளிநாட்டுப் படிப்பு கவர்ச்சி பெற்றிருக்கிறது. ஸ்பெயினில் வணிகக் கல்விக்குப் பேர் போன இடங்கள் உண்டு. பார்சிலோனாவின் ஐ.இ.எஸ்.இ., எசாதே இரண்டும் 1958இல் தொடங்கியவை. ஐ.இ.எஸ்.இ. 1964இல் ஹார்வர்டின் துணையோடு இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. மாட்ரிடின் ஐ.இ. 1973இல் வந்தது. மூன்றிலும் உலகின் பல மூலைகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள்.

முதல் பொறியும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. சக மாணவர் ஜெர்மானியர், கொரியர், நைஜீரியர். எல்லோருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். மாலையில் வீடு திரும்பினால் அங்கே இரண்டு இந்தியர்கள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருப்பார்கள். வாடகை குறைகிறது, வயிறும் குளிர்கிறது. ஸ்பானிஷ் மட்டும் பல்பொருள் அங்காடியின் பில் போடுமிடத்தில் 'பை வேண்டுமா?' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் நிலையம் ஒன்றை நடத்துகிறது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் ஸ்பானிஷில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற சுமார் 600 முதல் 750 மணி நேர வகுப்பு தேவை என்பது அதன் கணக்கு. அதுவும் எளிய மொழிகளின் வரிசையில் ஸ்பானிஷை வைத்துவிட்டு. வாரம் நான்கு மணி நேரம் ஸ்பானிஷ் வகுப்பு வைத்துக்கொண்டு ஓராண்டுப் படிப்பை முடிக்கும் மாணவருக்கு 200 மணிகூட தேறாது. கடன் வாங்கி விமானம் ஏறுபவர்களிடம் ஆலோசனை நிலையங்கள் இந்தக் கணக்கைச் சொல்வது அபூர்வம். முதல் 250, 300 மணி நேரத்தை இந்தியாவிலேயே முடித்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிலையம் டெல்லியில் 2009 முதல் இயங்குகிறது. அது நடத்தும் 'தெலே' தேர்வில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பி1 முடித்துவிட்டு மாட்ரிடில் இறங்குபவருக்கும் வெறுங்கையோடு இறங்குபவருக்கும் முதல் வாரத்திலேயே வேறு வேறு ஊர்கள் தென்படும்.

முதல் வாரம் என்பது பெரும்பாலும் அரசாங்க அலுவலகங்களில் கழியும் வாரம். தங்கியிருக்கும் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். 'சீத்தா பிரேவியா' என்ற அந்த இரண்டு சொற்கள்தான் ஸ்பெயினில் ஒரு வெளிநாட்டவர் முதலில் மனப்பாடம் செய்பவை.

தமிழர்களுக்கு அங்கே ஒரு கூடுதல் சோதனை காத்திருக்கிறது. ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தந்தையுடையது, அடுத்து தாயுடையது. கார்சியா மார்க்கேஸில் கார்சியா அப்பா வழி, மார்க்கேஸ் அம்மா வழி. (அவரை வெறும் 'மார்க்கேஸ்' என்று சொல்லும் நம் வழக்கம் அங்கே பிழை.) விண்ணப்பப் படிவத்தில் இதற்கென்று இரண்டு கட்டங்கள் உண்டு. குடும்பப் பெயரே இல்லாமல் ஓர் இனிஷியலோடு வாழ்ந்து பழகியவர் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால் மருத்துவமனையிலும் வங்கியிலும் மாணவரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். 'அது நானில்லை, என் தகப்பனார்' என்று விளக்குவதுதான் பலருக்கு ஸ்பானிஷில் முதல் நீண்ட உரையாடல். வணிகத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. வாடிக்கையாளரை அவருடைய இரண்டாம் பெயரை மட்டும் சொல்லி விளித்துக் கடிதம் போடும் இந்திய நிறுவனம், அவரை அம்மா வீட்டுப் பெயரால் கூப்பிடுகிறது.

மற்றபடி, தமிழ் நாக்குக்கு ஸ்பானிஷ் அத்தனை அந்நியம் அல்ல. ஆங்கிலேயர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் சில ஒலிகள் இங்கே பிறவியிலேயே கிடைத்தவை. ஸ்பானிஷின் 'த' பல்லில் பட்டு வரும் நம் 'த'தான். தலையில் அலைக்கோடு போட்ட அவர்களுடைய 'ன' நம் 'ஞ'. 'காரோ' என்றால் விலை அதிகம், 'காறோ' என்றால் லத்தீன் அமெரிக்காவில் மோட்டார் கார். ரகர றகர வித்தியாசத்தை எழுத்திலாவது காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு இது பிடிபட அதிக நாளாகாது. 'தூ' என்பதற்கும் 'உஸ்தேத்' என்பதற்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட நீக்கும் நீங்களுக்கும் உள்ள தூரம். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் வளர்ந்தவருக்கு எதை எப்போது சொல்வதென்று குழப்பம் வரும். தமிழருக்கு அந்த உணர்வு ஏற்கனவே உண்டு. ஆனால் அளவுகோல் வேறு. ஸ்பெயினில் பேராசிரியரையே சில நிமிடங்களில் 'தூ' என்று சொல்லத் தொடங்கிவிடலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் நெருங்கிய சிநேகிதர்களும் 'உஸ்தேத்' போட்டுக்கொள்வது உண்டு. புவனோஸ் அயர்ஸில் 'தூ' என்பதே கிடையாது, 'போஸ்'தான்.

உண்மையான கஷ்டம் இலக்கணத்தின் உள்ளே இருக்கிறது. 'இருப்பது' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைச்சொற்கள். ஒன்று இயல்பைச் சொல்லும், மற்றது நிலைமையைச் சொல்லும். 'எஸ் லிஸ்தோ' என்றால் ஆள் கெட்டிக்காரர். 'எஸ்தா லிஸ்தோ' என்றால் ஆள் தயார். 'உங்கள் மேலாளர் தயாரா?' என்று கேட்க நினைத்து 'உங்கள் மேலாளருக்கு மூளை உண்டா?' என்று கேட்டுவைப்பது ஒரே ஓர் அசையின் வேலை.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதிகம் ஏமாறுவது, ஆங்கிலம் போலத் தெரியும் சொற்களில். 'கொம்ப்ரோமிசோ' என்றால் சமரசம் அல்ல, வாக்குறுதி. பேரத்தில் விட்டுக்கொடுப்பதாக நினைத்து இந்தச் சொல்லை எழுதினால் எதிராளி அதைக் கட்டுப்பாடாகப் படிப்பார். 'எவென்துவால்மென்தே பணம் தருவோம்' என்று ஒரு கடிதம் வந்தால், இறுதியில் எப்படியும் தருவார்கள் என்று ஆங்கிலப் பழக்கத்தில் நிம்மதி அடைவது தப்பு. 'ஒருவேளை தரலாம்' என்பதுதான் அதன் பொருள். 'பிரெசுபுவெஸ்தோ' இடத்துக்கேற்ப பட்ஜெட்டாகவும் இருக்கும், விலைப்புள்ளியாகவும் இருக்கும். மெக்ஸிகோவில் 'அவோரீத்தா' என்ற சொல் அகராதிப்படி 'இப்போதே' என்பதைவிடவும் அவசரமானது. நடைமுறையில் ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். சொல்பவரின் குரலில்தான் கடிகாரம் இருக்கிறது. 'இதோ வந்துட்டேன்' என்ற தமிழ் வாக்கியத்தை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இந்தக் குரலைக் கேட்கப் பழகுவதற்குத்தான் அந்த ஊரில் வாழ வேண்டியிருக்கிறது. அது வகுப்பறையைவிடச் சாப்பாட்டு மேஜையில் அதிகம் நடக்கிறது. ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல். 'மெனு தெல் தியா' என்ற பெயரில் உணவகங்கள் ஒரே விலைக்கு முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு என்று போடுகின்றன. நம் ஊர் 'அளவுச் சாப்பாடு' மாதிரி. சைவர்கள் திண்டாடுவார்கள். 'இறைச்சி இல்லாமல்' என்று சொன்னால் மீன் வரும். சாலட் கேட்டால் அதன் தலையில் சூரை மீன் உட்கார்ந்திருக்கும். காய்கறிக் குழம்பில் பன்றித் தொடைக்கறித் துணுக்கு மிதக்கும். அதை அவர்கள் இறைச்சி என்றே கணக்கில் எடுப்பதில்லை. என்ன வேண்டாம் என்பதை ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி விலக்கக் கற்றுக்கொண்டவர் ஒரு மாதத்தில் சொல்வளத்தில் முன்னேறிவிடுகிறார்.

தட்டுகளை எடுத்த பிறகும் யாரும் எழுந்திருப்பதில்லை. அந்த நேரத்துக்குத் தனிப் பெயரே உண்டு: 'சோப்ரெமேசா'. காபி வரும், பேச்சு வரும், குடும்பம், கால்பந்து, அரசியல் எல்லாம் வரும். வியாபாரம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். இரண்டு மணிக்கு உட்கார்ந்து இரண்டே முக்காலுக்குக் கைக்கடிகாரம் பார்க்கும் விருந்தாளி, தன் அவசரத்தைத் தவிர எதையும் விற்கவில்லை. வணிகப் பள்ளிகள் 'விரிந்த பார்வை' என்று விளம்பரம் செய்யும் சரக்கில் கணிசமான பகுதி இந்த ஒன்றரை மணி நேரத்தில் ஓசியாகக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஸ்பானிஷ் வேண்டும். மேஜையில் எட்டுப் பேர் இருந்து ஒருவருக்கு மட்டும் மொழி வராவிட்டால், முதல் பத்து நிமிடம் மரியாதைக்கு ஆங்கிலம் பேசுவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. பார்சிலோனா அழகான நகரம்தான். ஆனால் அங்கே தெருப் பலகையும் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழக வகுப்புகளில் பலவும் கத்தலான் மொழியில். ஸ்பானிஷும் எங்கும் புழங்கும் என்றாலும், தொடக்க நிலையில் இருப்பவருக்கு இரண்டும் காதில் கலந்துவிடும். (கத்தலான் அங்கே எத்தனை உணர்வுபூர்வமான விஷயம் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) 1218இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சாலமாங்காவில் இந்தக் குழப்பம் இல்லை; வெளிநாட்டவருக்கு மொழி கற்றுத்தருவது அந்த ஊரின் தொழில்களில் ஒன்று.

லத்தீன் அமெரிக்காவில் வியாபாரம் செய்ய நினைப்பவர் ஏன் ஸ்பெயினுக்குப் போக வேண்டும் என்பது நியாயமான கேள்வி. மெக்ஸிகோவின் தேசியப் பல்கலைக்கழகம் 1921 முதல் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தருகிறது. குவாதமாலாவின் அந்திகுவா நகரில் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறையில் பள்ளிகள் நடக்கின்றன. மாணவர் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடுகிறார். ஸ்பெயினோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. வணிகப் பட்டத்தை மாட்ரிடில் படித்தாலும், விடுமுறை மூன்று மாதத்தை இப்படி ஓர் ஊரில் கழிப்பது பயனுள்ள ஏற்பாடு. மாட்ரிடில் கற்ற சொற்கள் அட்லாண்டிக்கைத் தாண்டினால் சில நேரம் மானத்தை வாங்கும். ஸ்பெயினில் பஸ் 'பிடிக்க' நாள்தோறும் பயன்படும் வினைச்சொல்லை மெக்ஸிகோவிலோ அர்ஜெண்டினாவிலோ சொன்னால் சபையில் சிரிப்பை அடக்குவார்கள். அங்கே அதற்குப் படுக்கையறைப் பொருள்.

சந்தையைப் பற்றிய பார்வையும் அங்கே போய்த்தான் மாறுகிறது. இந்தியாவில் மோட்டார் சைக்கிள் விளம்பரம் என்றால் பின்னிருக்கையில் ஆள் இருக்க வேண்டும். கொலம்பியாவில் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் பறக்கும் கொலைகாரர்கள் ஒரு காலத்தில் நாட்டையே நடுங்கவைத்தார்கள். சில நகரங்களில் பின்னிருக்கையில் ஆண்கள் உட்காருவதற்கே அவ்வப்போது தடை போட்டிருக்கிறார்கள். வண்டி எண்ணை ஹெல்மெட்டில் எழுதிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அந்த நாட்டில் பின்னிருக்கை என்பது வேறொரு ஞாபகத்தைக் கிளப்பும். புனேயில் உட்கார்ந்து ஆங்கில அறிக்கை படிப்பவருக்கு இது ஓர் அடிக்குறிப்பு. மெடெலினில் ஆறு மாதம் பஸ்ஸில் போய்வந்தவருக்கு இது அண்டை வீட்டுக் கதை.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று: ஸ்பெயினில் பட்டங்கள் இரண்டு வகை. அரசு அங்கீகாரம் பெற்ற 'அதிகாரபூர்வ' பட்டம் ஒன்று. பல்கலைக்கழகம் தானே வழங்கும் 'சொந்தப் பட்டம்' இன்னொன்று. இரண்டாவது வகை தரக்குறைவு என்று அர்த்தமில்லை, வேலைச் சந்தையில் மதிப்புள்ளவையும் உண்டு. ஆனால் முனைவர் பட்டத்துக்கோ இந்தியாவில் அரசு வேலைக்கோ அதை நம்பினால் சங்கடம். படித்து முடித்து அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற கணக்கிலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பாவில் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமுள்ள நாடுகளில் ஸ்பெயின் ஒன்று. சம்பளமும் ஜெர்மனியைப் பார்த்துப் போட்ட மனக்கணக்குக்கு எட்டாது.

எனவே பலர் திரும்பி வருகிறார்கள். குர்கான், பெங்களூர், புனே, ஹைதராபாத் நகரங்களின் பன்னாட்டு அலுவலகங்கள் ஸ்பானிஷ் தெரிந்தவர்களை வரவேற்கின்றன. தொடக்கச் சம்பளத்தில் மொழிக்கென்று கொஞ்சம் கூடுதலும் கிடைக்கும். வேலை என்னவோ இன்வாய்ஸ் சரிபார்ப்பது, புகாருக்குப் பதில் எழுதுவது. இந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு வேகமாகக் கைப்பற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மின்னஞ்சலை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலமாக்க இனி யாரும் ஆள் வைக்கப்போவதில்லை. 'மொழி தெரியும்' என்பதை மட்டும் தகுதியாக வைத்திருப்பவர்களுக்கு இது கெட்ட சேதி. மொழியும் கணக்கும் தெரிந்தவர்களை நிறுவனங்கள் இன்னும் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்திருப்பது அதைவிடக் கெட்ட சேதி. 20 லட்சம், 30 லட்சம் என்று கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்தவர், கூட்டத்தில் 'அவர் என்ன சொல்கிறார்?' என்று கேட்கப்படும்போது மட்டும் வாய் திறக்கிறார். அந்த வாடிக்கையாளரிடம் சரக்கை விற்கலாமா, கூடாதா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

விதிவிலக்கான இடங்களும் இல்லாமல் இல்லை. அவற்றில் காட்சி இப்படி இருக்கும். இந்தியாவில் இரவு எட்டரை. லிமாவில் காலை பத்து. மாதக் கணக்கில் பாக்கி வைத்திருக்கும் விநியோகஸ்தருக்குத் தொலைபேசி போகிறது. சரக்கு கப்பலில் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேலாகும் தூரம். நேரில் போய் நிற்க முடியாது. சட்டக் கடிதம் அனுப்பினால் அடுத்த வருடம் வாடிக்கையாளரே இருக்க மாட்டார். இந்தியாவிலிருந்து பேசுபவர் முதலில் அவருடைய தாயாரின் முழங்கால் அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்று விசாரிக்கிறார். மறுமுனையில் விரிவான பதில் வருகிறது. மழை வருகிறது, பேரப்பிள்ளை வருகிறான், நேற்றைய கால்பந்துப் பந்தயத்தில் நடுவர் செய்த அநியாயம் வருகிறது. பதினேழு நிமிடம் ஆகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மேலாளர், இன்னும் எத்தனை நேரம் என்று சைகையால் கேட்கிறார். பேசுபவர் கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்கிறார். லிமாக்காரர் இப்போதுதான், யாரும் கேட்காமலே, பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார்.